ஓவியம் படிக்க ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் எதற்கு?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கும். நீங்கள் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் இருக்கிறீர்கள். மகளுக்கு இரண்டு இடங்களில் சேர்க்கை கிடைத்திருக்கிறது. ஒன்று, ஓவியம், சிற்பம், வடிவமைப்பு தவிர வேறெதுவும் கற்றுத்தராத தனியார் கலைக் கல்லூரி. இன்னொன்று, சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் காட்சிக் கலைத் துறை. “கலைதான் படிப்பேன் என்று நின்றுவிட்டாள், சரி. ஆனால் உயிரியலுக்கும் பொறியியலுக்கும் பேர்போன இடத்தில் போய் ஓவியம் படிப்பது, கறிக்கடையில் கத்தரிக்காய் கேட்பது மாதிரி இல்லையா? அதுவும் ஏ.ஐ. எல்லாவற்றையும் வரைந்து தள்ளுகிற இந்தக் காலத்தில்?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஏ.பி. பயாலஜி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி அளவு உயிரியல்) நோட்டின் ஓரமெல்லாம் உயிரணுவும் நரம்புமாக அவள் வரைந்து வைத்திருப்பதையும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசி வரிதான்.

நான் யார் என்று சொல்லாமல் யோசனை சொல்லக் கூடாது. சென்னை பெரியமேட்டு ஓவியக் கல்லூரியில் இளங்கலை படித்தேன். பிறகு அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் முதுகலை. அது சான் டியேகோ இல்லை. இப்போது பகுதிநேரமாகக் கற்றுத்தருகிறேன். இரண்டு வகை இடத்திலும் திட்டு வாங்கியவன் என்பதுதான் என் தகுதி.

கறிக்கடை என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு நண்டு. சான் டியேகோ நண்டுதான். சொல்கிறேன்.

1970களின் தொடக்கத்தில் அந்தக் காட்சிக் கலைத் துறையில் நியூட்டன் ஹாரிசன் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்தவர். மனைவி ஹெலன் ஹாரிசன் இலக்கியமும் கல்வியியலும் படித்தவர். சூழலுக்கு நன்மை செய்யாத எதையும் இனிப் படைப்பதில்லை என்று இருவரும் முடிவெடுத்துச் சேர்ந்து வேலை செய்தார்கள். அவர்கள் கண் ஒரு நண்டின் மேல் விழுந்தது. ஸ்கில்லா செர்ராட்டா. இலங்கைக் களப்புகளில், அதாவது கடலை ஒட்டிய உப்புநீர் ஏரிகளில், கண்டல் மர வேர்களுக்கு நடுவே சேற்றில் வாழ்கிற பெரிய நண்டு. மட்டக்களப்புப் பக்கம் சாப்பிட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஓவியர் தம்பதி இலங்கைக்கே போய்ப் பார்த்தார்கள். அந்த நண்டுகளைக் கலிஃபோர்னியாவுக்கு வரவழைத்து, ஸ்டுடியோவில் தொட்டி கட்டி வளர்த்தார்கள். அடைபட்ட நண்டுகள் ஒன்றையொன்று தின்றன. இனம் பெருகவில்லை. களப்பில் பருவமழை பெய்தால் நன்னீர் பாயும், உப்பு குறையும், வெப்பம் மாறும். தொட்டியில் அது இல்லையே என்று யோசித்து, ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டு ஒரு பொய் மழையை உண்டாக்கினார்கள். நண்டுகள் இணை சேரத் தொடங்கின.

இதில் கலை எங்கே என்று கேட்பீர்கள். அந்தக் காலத்திலும் கேட்டார்கள். ஆனால் அந்த வளாகத்துக் குன்றின் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம். 1903இல் தொடங்கியது, 1960இல் வந்த பல்கலைக்கழகத்தைவிட மூத்தது. உண்மையில் அதைச் சுற்றித்தான் பல்கலைக்கழகமே முளைத்தது. ஓவியர் வீட்டுத் தொட்டியில் நண்டு இணை சேருகிறது என்றதும், கடலியல் ஆய்வுக்கென்று ஒதுக்கிய மானியம் அந்த ஓவியர்களுக்கே கிடைத்தது. இதைவிட நல்ல விளம்பரம் ஒரு கலைத்துறைக்குத் தேவையில்லை.

அதிலிருந்து 1974 முதல் 1984 வரை பத்தாண்டு உழைப்பில் வந்ததுதான் ‘லகூன் சைக்கிள்’ என்ற படைப்பு. ஏழு களப்புகள். நிலப்படம், புகைப்படம், கையெழுத்து, ‘களப்பு செய்பவர்’, ‘சாட்சி’ என்ற இரண்டு பாத்திரங்களுக்குள் நடக்கும் ஓர் உரையாடல், எல்லாம் சேர்ந்து சுவர் சுவராக நீளும் பெரிய பலகைகள். முதல் களப்பின் பெயர் உப்புவெளி, திருகோணமலைப் பக்கத்து ஊர். திருகோணமலைக்காரர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரலாம். நண்டில் தொடங்கி, நீர்ப்பாசனம், கலிஃபோர்னியாவின் சால்டன் ஏரி என்று போய், ஏழாவது களப்பில் பசிபிக் பெருங்கடலே களப்பாகி, பசுங்குடில் விளைவால் கடல் மட்டம் உயரும் என்ற பேச்சில் வந்து நிற்கும். அப்போது சாதாரண மக்கள் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் காற்றில் கரியமில வாயு கூடுவதை 1958 முதல் வருடம் தவறாமல் அளந்துகொண்டிருந்த சார்லஸ் கீலிங் அதே ஸ்கிரிப்ஸ்காரர். அந்த வளாகத்தில் காபிக்கு வரிசையில் நின்றாலே இப்படிப்பட்ட பேச்சு காதில் விழும்.

தனிக் கலைக் கல்லூரியில் கிடைக்காதது இதுதான். அங்கே எல்லாக் கதவுக்குப் பின்னாலும் ஓவியரே இருப்பார். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் அடுத்த கதவைத் தட்டினால் நண்டு தெரிந்தவர் இருப்பார்.

உங்கள் ஏ.ஐ. கேள்விக்கும் அதே துறையிலேயே பதில் இருக்கிறது. ஹரால்ட் கோஹென் லண்டனில் பேர்பெற்ற ஓவியர். 1966இல் வெனிஸ் பியனாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் பிரிட்டன் சார்பில் காட்சி வைத்தவர். 1968இல் ஒரு வருடம் பாடம் நடத்திவிட்டுத் திரும்புவோம் என்று சான் டியேகோ வந்தார். வந்த இடத்தில் கணினி இருந்தது, நிரல் எழுதச் சொல்லித்தர ஆள் இருந்தது. நாற்பது வயதில் புதிதாகப் படிக்க உட்கார்ந்தார். அவரைக் குடைந்த கேள்வி சின்னது: ஒரு தாளில் சில கோடுகள். அவை எந்தக் கட்டத்தில் ‘படம்’ ஆகின்றன? குறைந்தபட்சம் என்ன இருந்தால் நம் கண் அதைப் படம் என்று ஒப்புக்கொள்கிறது? இந்தக் கேள்வியோடு கலிஃபோர்னியாவின் சால்ஃபன்ட் பள்ளத்தாக்கில் பழங்குடிகள் பாறையில் செதுக்கிய உருவங்களைப் போய்ப் பார்த்தார். ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் இரண்டு வருடம் இருந்தார். அங்கிருந்து பிறந்தது ‘ஆரோன்’ என்ற நிரல். தானாகப் படம் வரையும். தரையில் ஊர்ந்து கோடு போடும் ஆமை போன்ற ஒரு கருவியும் அதற்கு இருந்தது. முதலில் கறுப்புக் கோடுகள் மட்டும். வண்ணத்தைக் கோஹெனே கையால் பூசினார். பிறகு மனித உருவங்கள், செடிகள், கடைசியில் வண்ணமும். 2016இல் இறக்கும்வரை அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

ஆரோன் இன்றைய படம் வரையும் ஏ.ஐ. போல கோடிக்கணக்கான அடுத்தவர் படங்களை விழுங்கியது இல்லை. ஒவ்வொரு விதியையும் ஓர் ஓவியர் யோசித்து எழுதினார். கை இப்படி மடங்கும், இலை இப்படிக் கிளைக்கும், முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும். வரைவது எப்படி என்று தனக்கே விளக்கத் தெரியாதவர் அதை நிரலாக எழுத முடியாது. அதாவது இந்த மிரட்டல் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, ஓர் ஓவியர் அந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள் கைவிட்டுப் பார்த்திருக்கிறார். உங்கள் மகளின் பிழைப்பை ஏ.ஐ. தொடாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். புத்தக அட்டை, விளம்பரப் படம் என்று ஆர்டர் எடுத்து வரைந்து கொடுக்கிற வேலைகளை இப்போதே அது தின்றுகொண்டிருக்கிறது. ஆனால் அது என்னவென்று கிட்டேபோய்ப் பார்க்கிற வாய்ப்பு, கணினித் துறை நடந்துபோகும் தூரத்தில் இருக்கிற இடத்தில்தான் அதிகம். சான் டியேகோவின் காட்சிக் கலைத் துறையில் கணினியையும் கலையையும் சேர்த்துப் படிக்கத் தனிப் பாடப்பிரிவே உண்டு.

மூன்றாவதாக ஒரே ஒரு பெயர் சொல்லிவிடுகிறேன்: கேரி மே வீம்ஸ். 1984இல் அங்கே எம்.எஃப்.ஏ. என்ற நுண்கலை முதுகலைப் பட்டம் முடித்த கறுப்பினப் புகைப்படக் கலைஞர். பட்டம் வாங்கியதும் நியூயார்க்குக்கு ஓடாமல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் போய் நாட்டார் வழக்காற்றியல் படித்தார். கறுப்பின மக்களைப் பற்றிப் புழங்கும் கேலி, விடுகதை எல்லாம் அவருடைய படங்களுக்குள் நுழைந்தது அப்படித்தான். நம் ஊரில் நாட்டார் வழக்காறு படிக்கிறவரும் ஓவியம் படிக்கிறவரும் ஒரே டீக்கடையில் நின்றதாக எனக்கு நினைவே இல்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு, கொஞ்சம் பழைய கதை. வெள்ளைக்காரன் நம் நாட்டில் கலைப் பள்ளிகளைத் தொடங்கியது கைத்தொழிலை மனத்தில் வைத்து. சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியதுதான் நான் படித்த கல்லூரியின் வேர். பம்பாயை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பல்கலைக்கழகமும் ஜே.ஜே. கலைப் பள்ளியும் பிறந்தது ஒரே வருடம், 1857. ஒரே ஊர், ஒரே வருடம், தனித்தனி வாசல். படிப்பு ஒரு பக்கம், கைவேலை இன்னொரு பக்கம். ‘படிப்பு ஏறாதவன் படம் வரையப் போனான்’ என்று என் பெரியப்பா சொன்னதன் பின்னால் இந்த இரண்டு வாசலும் இருக்கின்றன. அமெரிக்காவில் 1869இலேயே யேல் தன் வளாகத்துக்குள் கலைப் பள்ளியைத் திறந்துவிட்டது.

நம்மிடம் அந்தச் சுவரை உடைத்தது இரண்டு இடம். ஒன்று 1919இல் சாந்திநிகேதனில் தொடங்கிய கலாபவனம். இன்னொன்று பரோடா. 1949இல் தொடங்கிய மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம், அடுத்த வருடமே நுண்கலைக்கு ஒரு புலத்தைத் திறந்தது. துணைவேந்தர் ஹன்சா மேத்தா. அங்கே கலை வரலாறு தனித் துறையாக இருந்தது. ஓவியம் வரைகிறவர் வரலாறும் படித்தாக வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு யார் யார் போய்ச் சேர்கிறார்கள் பாருங்கள். பூபேன் கக்கர், பட்டயக் கணக்காளர். 1962இல் கலை விமர்சனம் படிக்க பரோடா போனவர், நாட்டின் முக்கியமான ஓவியர்களில் ஒருவரானார். கணக்கு வேலையையும் பல காலம் விடவில்லை. கே.ஜி. சுப்பிரமணியன், கேரளத்தில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறைக்குப் போய், பிறகு சாந்திநிகேதனில் ஓவியம் கற்று, பரோடாவில் பல்லாண்டு ஆசிரியராக இருந்தவர். பொம்மை செய்தார், சுடுமண் சுவர்ச் சிற்பம் செய்தார், நெசவுத் துறையில் வேலை பார்த்தார், கலையைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதினார். எது ஓவியம், எது ஆராய்ச்சி, எது கைவேலை என்று அவரிடம் பிரித்துக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

என் சொந்தக் கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் பெரிய மனிதர்களுக்கு மட்டும்தான் என்று தோன்றிவிடும். சென்னையில் காலை முழுக்க மாடல் ஸ்டடி, மதியம் கம்போசிஷன், சாயங்காலம் சென்ட்ரல் ஸ்டேஷனில் ஸ்கெட்ச். கை நன்றாகப் பழகியது. காசிமேட்டுப் படகுகளை நீர்வண்ணத்தில் வரைந்தால் யாராவது வாங்கிவிடுவார்கள். அமெரிக்காவுக்கு வந்த முதல் மாதம், வகுப்பில் அவற்றில் பன்னிரண்டை மாட்டி வைத்தேன். அங்கே ‘கிரிட்டிக்’ என்பார்கள். எல்லோரும் உங்கள் படத்தின் முன் நின்று பேசுவார்கள், நீங்கள் வாய்மூடிக் கேட்கவேண்டும். மானுடவியல் படிக்கும் ஒரு பெண் வகுப்பில் உட்கார அனுமதி வாங்கி வந்திருந்தாள். “படகுகள் ஏன் இப்படி ஒன்றின்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன? அங்கே இடமே இல்லையா?” என்று கேட்டாள். கம்போசிஷனுக்காக என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நான் அப்படி மாற்றி வரையவில்லை, அவை அப்படித்தான் நின்றன. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. இருபது வருடம் அந்த ஊரில் இருந்தவன் நான்.

ஒரு வாரம் கழித்து, வெட்கத்தோடு புவியியல் துறைப் பேராசிரியர் ஒருவரின் அலுவலக நேரத்தில் போய் நின்றேன். அவர் நூலகத்தின் நிலப்பட அறைக்கு அனுப்பினார். சென்னையின் பழைய கடற்கரைப் படங்கள் அங்கே இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து வரும் மணல் தேங்கி மெரினா அகன்றுகொண்டே போனதும், மணல் வராத வடபக்கத்தில், காசிமேட்டை ஒட்டிய ராயபுரம் கரையைக் கடல் அரித்ததும் கண்முன்னால் கோடு கோடாகத் தெரிந்தது. மெரினாவில் காற்று வாங்குகிறவனுக்குக் கிடைத்த மணல், வடசென்னைக்காரனிடமிருந்து போனது. அதன்பிறகு நான் வரைந்த படகுகள் வேறு. விற்பனை குறைந்தது, அதையும் சொல்லிவிடவேண்டும்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்றால் ஆசிரியருக்குப் பதவி உயர்வு அவருடைய ஆய்வால் வருவது. கலைத் துறையில் கண்காட்சியும் படைப்புமே ஆய்வுக் கணக்கு. ஆக, பேர்பெற்ற ஓவியர் பெயர்ப்பலகையில் இருப்பார். முதலாண்டு மாணவி கையில் கரித்துண்டைப் பிடிக்கச் சொல்லித்தருவது பெரும்பாலும் முதுகலை மாணவர்தான். சான் டியேகோவில் பருவம் பத்தே வாரம். ஒரு எண்ணெய்வண்ணப் படம் காய்வதற்குள் தேர்வு வந்துவிடும். ஓவியம் தவிர எழுத்து, அறிவியல், சமூகவியல் என்று கட்டாயப் பாடங்கள் நிறைய. ஸ்டுடியோவில் நிற்கிற நேரம் கலைக் கல்லூரியில் கிடைப்பதில் பாதிகூட இருக்காது. அந்தத் துறையின் சுபாவமே தொடக்கத்திலிருந்து கருத்தின் பக்கம் சாய்ந்தது. மனித உடலை அச்சுப்போல வரையக் கற்கவேண்டும் என்றால் அவளே மாலையில் தனியாகப் போய்க் கற்கவேண்டும். பணமுடை வந்தால் முதலில் கைவைப்பது எந்தத் துறையில் என்று உங்களுக்கே தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அந்தப் பக்கத்துக் கதவு தானாகத் திறக்காது. நான் படித்த இடத்தில் என்னோடு இருந்தவர்களில் பாதிப்பேர் கலைத் துறைக் கட்டடத்தைவிட்டு வெளியே போகாமலேயே பட்டம் வாங்கினார்கள். அவர்களுக்கு அது சுமாரான கலைக் கல்லூரிதான், வேறென்ன. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை என்றால் இதை நன்றாக யோசியுங்கள்.

அதனால் உங்கள் மகள் அனிமேஷன் ஸ்டுடியோவிலோ விளையாட்டு நிறுவனத்திலோ போய் உட்கார்ந்து வரையவேண்டும் என்று இப்போதே தெளிவாக இருந்தால், என் ஓட்டு கலைக் கல்லூரிக்கே. அந்த வேலைகளுக்குப் பார்ப்பது போர்ட்ஃபோலியோவை, அதாவது வரைந்த படங்களின் தொகுப்பை. நான்கு வருடம் கை ஓயாமல் வரைந்தவரோடு இவளால் போட்டி போட முடியாது. பயாலஜி நோட்டில் வரைவது பாடம் போரடித்ததாலா, பாடம் பிடித்ததாலா என்று அவளிடம் கேளுங்கள். பிடித்ததால் என்றால், சான் டியேகோ. உயிரியலைத் துணைப்பாடமாக எடுத்துக்கொள்ளலாம். அறிவியல் படம் வரைபவர், அருங்காட்சியகக் காட்சி வடிவமைப்பாளர், தரவுகளைப் படமாக்குபவர் என்று இரண்டும் தெரிந்தவர்களுக்கென்றே சில வேலைகள் உண்டு. அதிகம் இல்லை, ஆனால் உண்டு. மனம் மாறினால் அதே வளாகத்தில் வேறு பாடத்துக்கு மாற முயலலாம். கூட்டம் நெரியும் சில பாடங்களுக்கு மட்டும் அது கஷ்டம். கலைக் கல்லூரியில் மனம் மாறினால் கல்லூரியையே மாற்றவேண்டும். கட்டணமும் அப்படியே: நீங்கள் கலிஃபோர்னியாவாசி என்பதால் அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்மாநிலக் கட்டணம். தனியார் கல்லூரி அனுப்பிய கடிதத்தில் உதவித்தொகை போக எவ்வளவு நிற்கிறது என்று நான்கால் பெருக்கிப் பாருங்கள். ஓவியருக்குக் கடன் ஆகாது. இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

சேர்வதென்றால் மே 1க்குள் உறுதி சொல்லவேண்டும். அதற்குமுன் ஒருமுறை அவளைக் கூட்டிக்கொண்டு நேரில் போய்வாருங்கள். மாணவர் வழிகாட்டிகள் சுற்றிக்காட்டுவதைக் கேட்டுவிட்டு, தனியாகக் கலைத் துறைக்குப் போய், அங்கே படிக்கும் யாரையாவது நிறுத்தி மூன்று விஷயம் விசாரியுங்கள். முதல் இரண்டு வருடத்தில் ஸ்டுடியோ இடம் கிடைக்குமா? இரவில் திறந்திருக்குமா? கலைத் துறைக்கு வெளியே ஒரு பேராசிரியரிடம் போய்ப் பேசியிருக்கிறாயா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை மறக்காமல் எனக்கும் எழுதுங்கள்.

அப்படியே பொறியியல் கட்டடத்தையும் பாருங்கள். ஏழாவது மாடியின் விளிம்பில் ஒரு சின்ன நீலநிற வீடு, விழுந்துவந்து சிக்கிக்கொண்டது மாதிரி சாய்ந்து தொங்கும். கொரியாவில் பிறந்த டோ ஹோ சு என்ற கலைஞர் 2012இல் அங்கே வைத்தது. முன்னால் தோட்டம், உள்ளே சோபா, குடும்பப் படங்கள் எல்லாம் உண்டு. ஆனால் வீடு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், தரை இன்னொரு கோணத்தில் இருக்கும். இரண்டு நிமிடத்தில் தலை சுற்றும். தினமும் திறப்பதில்லை, நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள். சாப்பிட்டவுடன் ஏறவேண்டாம்.